கடைசி அத்தியாயத்தை வாசிக்காதவர்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியானால் எங்கள் நூலகத்தில் இரண்டு காரியங்கள் நடக்கும். ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற பெரியவர்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழும்புவார்கள். அவர்கள் விட்டுப்போன கதிரைகளில் ஒன்றில் இராஜகுமாரியக்கா வந்து உட்காருவார். அவர் வேலை செய்யும் சாஹுல் ஹமீது முதலாளியின் புடவைக்கடை, தொழுகை முடியும்வரை பூட்டியிருக்கும். கடையின் மற்றப் பெண்கள் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் கொஞ்சம் சாய்ந்துகொள்வார்கள். இவர் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு ரோட்டைக் கடந்து இங்கே வந்துவிடுவார்.

நான் ஷிபானா, இந்தக் கிளை நூலகத்தின் உதவியாளர். பேராதெனியவிலிருந்து கலஹாவுக்குப் போகும் ரோட்டில் இருக்கிறோம். நூலகத்தை நடத்தும் பிரதேச சபைக்கு மலையைச் சுற்றி இப்படி நாலைந்து கிளைகள் உண்டு. சிங்களப் புத்தகங்கள் சுவர் நிறைய இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு இரண்டு அலுமாரி. தமிழுக்கு ஒன்று, அதிலும் கீழ்த்தட்டு முழுக்கப் பழைய வினாத்தாள்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் வாசிப்பவர்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் சபை ஒரு வழி கண்டுபிடித்தது. இருக்கிற தமிழ்ப் புத்தகங்களைப் பெட்டிகளில் போட்டு, சில மாதங்களுக்கு ஒரு தடவை ஒரு கிளையின் பெட்டியை இன்னொரு கிளைக்கு அனுப்புவது. காசு செலவழிக்காமலே புதுப் புத்தகம் வந்த மாதிரி ஆகிவிடும். கெட்டிக்காரர்கள்.

இராஜகுமாரியக்காவுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளருக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறார். கணவர் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. ஆனால் ஒரு புத்தகத்தையும் அவரால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அங்கத்தவராவதற்குச் சபைக்கு வீட்டுவரி கட்டும் ஒருவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். லயத்துக்கு யார் வரி கட்டுகிறார்கள்? அந்தத் தோட்டம் முழுக்கத் தேடினாலும் தகுதியான ஓர் ஆள் கிடைக்காது. நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். நூலகத்தில் சம்பளம் வாங்குகிறேன், நூலகத்தில் ஓர் ஆளைச் சேர்க்க எனக்கு வக்கில்லை.

ஆகவே இங்கேயே இருந்து வாசிப்பார். தடித்த நாவல் ஒன்று. மன்னார்க் கரையில் காணாமல்போன தம்பியைத் தேடி ஒருத்தி அலைகிற கதை. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் யாராவது வந்து கேட்டுத் தொலைப்பார்கள். உதடு அசைய அசைய, ஒரு பக்கத்தை இரண்டு மூன்று முறை வாசிப்பார். என்ன இவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டபோதுதான் நிரோஷாவைப் பற்றிச் சொன்னார்.

நிரோஷா அவருடைய ஒரே மகள். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அந்த வீட்டார் வெள்ளிக்கிழமை பின்னேரம் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவார்களாம். அம்மாவுக்குப் போன் எடுக்க அவளுக்குக் கிடைப்பது அந்த நேரம் ஒன்றுதான்.

“‘சாப்டியா’ம்பேன். ‘சாப்டேன்’ம்பா. ‘ஒடம்பு எப்புடி’ன்னு கேட்டா ‘நல்லாருக்கு’ம்பா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் மூச்சு வுடுறதத்தான் கேட்டுக்கிட்டு இருப்போம், மிஸ்,” என்றார். “அவ பொய் சொல்றான்னு எனக்குத் தெரியும். நான் பொய் சொல்றேன்னு அவளுக்குத் தெரியும். கதன்னா அந்தத் தொல்ல இல்ல பாருங்க. அதான் மனசுல ஏத்திக்கிட்டுப் போயி அப்புடியே சொல்றேன்.”

கதை பாதிக்கு வந்தபோது பெட்டி மாறும் நாள் வந்தது. நாவல் வேனில் ஏறி மலைக்கு அந்தப் பக்கத்துக் கிளைக்குப் போய்விட்டது. தொழுகை நேரத்துக்குள் பஸ் ஏறி அங்கே போய்த் திரும்ப முடியாது. ஒவ்வொரு வெள்ளியும் அலுமாரியை ஒரு தடவை பார்த்துவிட்டு, வாராந்தரிப் பத்திரிகையைச் சும்மா புரட்டிக்கொண்டிருப்பார்.

“அந்தப் பொண்ணு படகுல ஏறுனாளா இல்லயான்னு கேக்குறா, மிஸ். நான் என்னத்தச் சொல்ல?”

முதலாளியிடம் கையெழுத்துக் கேளுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு அட்வான்ஸ்கூட கேட்காதவராம். கேட்காத வாய் கேட்காமலே இருக்கட்டும் என்றார். அந்த ரோஷம் எனக்குப் பிடித்தாலும் எரிச்சலாகவும் இருந்தது. தலையணை உறைக்குத் துணி பார்க்கிற சாட்டில் நானே கடைக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் முதலாளி உடனே சம்மதித்து, வரி ரசீதையும் எடுத்து வந்தார். அதில் இருந்தது வேறு பெயர்.

“வாப்பாட பேரு. அவர் மௌத்தாகி இருவது வருஷமாச்சு. பேர் மாத்த எங்க நேரம் கெடக்கிது?” என்றார்.

ஊரில் பாதி வீடுகளுக்கு வரி கட்டுவது மையவாடியில் இருப்பவர்கள்தான். எங்கள் மேலதிகாரியிடம் இறந்துபோனவரின் பிணை செல்லாது. நல்லவேளையாக முதலாளியின் மனைவி ருக்கியா தாத்தா (அக்காவை நாங்கள் தாத்தா என்போம்) காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். கடைக்குப் பின்னால் உள்ள சிறிய வீடு அவர் பெயரில் இருந்தது. பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இராஜகுமாரியக்காவைப் பார்த்தார்.

“கத எப்பிடி முடியிதுன்டு எனக்கும் சொல்லோணும், சரியா?”

அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பெட்டி திரும்பி வந்த வெள்ளிக்கிழமை, அந்த நாவலைக் கடையின் புடவைப் பையில் வைத்துக் கொண்டுபோனார். அன்றிலிருந்து மனப்பாடம் தேவைப்படவில்லை. லயத்து வாசற்படியில் இருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு, எழுதியிருப்பதை எழுதியிருப்பது போலவே வாசித்துக் காட்டினார். சில இடங்களில் அங்கிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் கேட்குமாம். கதைக்காக அழுகிறாளா வேறெதற்காகவுமா என்று தான் கேட்கவில்லை என்றார். அழ ஒரு சாட்டுக் கிடைத்ததே, அது போதும் என்றார்.

கடைசி அத்தியாயம் மட்டும் இருக்கும்போது நிரோஷா நிறுத்தச் சொன்னாள்.

“அத வெச்சிருங்கம்மா. தைப்பொங்கலுக்கு வந்துருவேன்ல, ரெண்டு பேரும் ஒண்ணா இருந்து வாசிப்போம்.”

வேறு யாரும் அந்தப் புத்தகத்தைக் கேட்கவில்லை. திகதி முடிய முடிய நானும் புதுப்பித்துக் கொடுத்தேன். கடையில் ருக்கியா தாத்தா, “முடிஞ்சா?” என்று கேட்பார். “இன்னும் இல்லங்கம்மா,” என்று அக்கா துணியை மடிப்பார்.

பொங்கல் வந்தது. நிரோஷா வரவில்லை. லயத்தை விட்டு வெளியே அவர்கள் கட்டத் தொடங்கிய சின்ன வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. அந்தக் கூரைக்காக மேலும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிவிட்டாள். அக்கா இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு மறுபடியும் பெட்டி மாறும் நேரம் வந்தது. அப்போது எல்லாத் தமிழ்ப் புத்தகங்களும் திரும்பி வந்தாக வேண்டும், புதுப்பிக்க முடியாது. அந்த வெள்ளிக்கிழமை அக்கா நாவலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“வேன் வர இன்னும் ஒரு மணித்தியாலம் ஈக்கிது,” என்றேன். “கடசி அத்தியாயத்த வாசிச்சிட்டே குடுங்களே அக்கா. அவ வந்தா திரும்ப ஒருக்கா வாசிக்கலாம்.”

அக்கா அதைக் கையில் எடுத்தார். கடைசிப் பக்கங்களைப் பெருவிரலால் தடவினார், திறக்கவில்லை.

“வாசிச்சிட்டா, தெரிஞ்சத வெச்சுக்கிட்டுத் தெரியாத மாதிரி அவகிட்ட பேசணும், மிஸ். ஏற்கனவே மறைக்கிறது போதும்.”

புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். வாங்கிப் பெட்டியில் போட்டேன். ஓர் ஆளை ஊருக்கு அனுப்பிவைத்தது போல இருந்தது.

வேன் வந்தது. எங்கள் பெட்டி ஏறியது, மற்றக் கிளையின் பெட்டி இறங்கியது. அக்கா இன்னும் கதிரையில்தான் இருந்தார். புதுப் பெட்டியை நான் திறந்ததும் பக்கத்தில் வந்து நின்றார்.

“எந்த மாதிரிக் கத வேணும்?” என்று கேட்டேன்.

“எந்தக் கதன்னாலும் பரவால்ல, மிஸ்,” என்றார். “ரெண்டு வருஷம் வர்ற மாதிரி தடிச்சதா ஒண்ணு பாத்துக் குடுங்க.”