பின்கதவுக்கு ஒரு பக்கம்

வெல்டருக்குப் பேச்சு திக்கும். பட்டறையில் அது யாருக்கும் ஒரு பொருட்டில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில்தான் மானம் போகும். அவர் எழுந்து "பி... பி..." என்று ஆரம்பிப்பதற்குள், "பில்லா?" என்பார் ஒருவர், "பைப்பா?" என்பார் இன்னொருவர். எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவார்கள்.

அவர் சொல்ல வந்தது குடியிருப்பின் பின்கதவைப் பற்றி. அதைத் தாண்டி இரண்டு நிமிடம் நடந்தால் பள்ளிக்கூடம். ஆனால் என்றோ நடந்த ஒரு திருட்டைக் காரணம் காட்டி ஆறு வருடமாக அதைப் பூட்டியே வைத்திருந்தார்கள். பிள்ளைகள் முன்வாசல் வழியாக, லாரிகள் பறக்கும் சாலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு மழைநாள் காலையில் வெல்டருடைய மகளின் புத்தகப்பையை ஒரு லாரி உரசிக்கொண்டு போனது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

பேசினால்தானே சிரிப்பார்கள், எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்து நாலு பக்கம் எழுதி நிர்வாகக் குழுவுக்குக் கொடுத்தார். செயலாளர் "பார்க்கலாம்" என்று கோப்பில் செருகினார். இரண்டு மாதம் ஆகியும் ஒரு அசைவும் இல்லை.

வெல்டரின் மனைவி ஒரு மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மனிதர்களின் அவசரங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள். நகலை வாங்கிப் படித்தாள்.

"ஏங்க, இது மனுவா, சண்டையா? நாலு பக்கமும் அவங்களைத் திட்டியிருக்கீங்க. சரி, அவங்க இப்ப என்ன செய்யணும்? அதை எங்கே எழுதியிருக்கீங்க?"

வெல்டருக்குச் சுருக்கென்று தைத்தது. திருப்பிப் பார்த்தார். அந்த ஒரு வரி மட்டும் எங்குமே இல்லை.

அடுத்த ஒரு வாரம் காலையில் பட்டறைக்குப் போகும் முன் சாலைமுனையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். சுற்றிப் போகும் பிள்ளைகள் அறுபத்து நாலு பேர், முதியவர்கள் பத்தொன்பது பேர். பிறகு, போன வருடம் வேறொருவர் கதவைத் திறக்கக் கேட்டபோது கடுமையாக எதிர்த்த துணைத் தலைவரின் வீட்டுக் கதவைத் தட்டினார். தரைத்தளத்தில், பின்கதவை ஒட்டிய வீடு.

"பி... பி..."

துணைத் தலைவர் குறுக்கே பேசவில்லை. "நிதானமா சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். முழுவதும் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்றேன். திருடன் கதையெல்லாம் சாக்குதான். அந்தக் கதவைச் சாத்தினா டமார்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, என் வீட்டுக்காரிக்கு ஒத்தைத் தலைவலி. பாவம், துடிச்சுப் போயிடுவா."

வெல்டரின் முகம் மலர்ந்தது. "அது கீ... கீல் கோளாறு சார். என் வே... வேலைதானே அது!"

இரண்டாவது மனு ஒரே பக்கம். காலை ஏழு முதல் ஒன்பது வரை, மூன்று மாதச் சோதனையாகப் பின்கதவைத் திறக்கக் குழு தீர்மானிக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே இருந்தது. அதன் கீழே அவர் எண்ணிய கணக்கு. கதவு சத்தமில்லாமல் சாத்த என்ன செய்யப்போகிறார், எந்தத் தேதிக்குள் என்பது அடுத்து. சோதனை சரிப்படவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் பூட்டிவிடலாம் என்று முடித்திருந்தார். யாரையும் ஒரு சொல் குறை சொல்லவில்லை.

கூட்டத்தில் செயலாளர் அதைப் படித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பொருளாளர் மட்டும் முறைத்தார். "ஏதாவது களவு போனா யார் பொறுப்பு?"

"அதான் மூணு மாசம்னு எழுதியிருக்காரே. முழுசாக் கேட்டீங்களா இல்லையா?" என்றார் துணைத் தலைவர். ஏழுக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது. சொன்ன தேதிக்குள் வெல்டர் கீலைச் சரிசெய்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்த வைத்தார்.

இரண்டாம் மாதம் ஒரு சைக்கிள் காணாமல் போனது. காலை எட்டு மணி வாக்கில். பின்கதவோடு அதை யாரும் முடிச்சுப் போடவில்லை. ஆனால் வெல்டர் சோதனை முடிந்து எழுதிய அறிக்கையில் முதல் வரியே சைக்கிளைப் பற்றித்தான்.

"யாரும் கேக்காததை நீங்களே எதுக்குப் போட்டுக் கொடுக்குறீங்க?" என்று மனைவி பதறினாள்.

"என் எ... எழுத்தை நம்பித்தானே திறந்தாங்க."

குழுவில் செயலாளர் அறிக்கையைப் படித்தார். முதலில் பேசியவர் எதிர்த்து வாக்களித்த பொருளாளர்தான். "இவ்வளவு நேர்மையா எழுதுற மனுஷன் இருக்கும்போது பூட்டு எதுக்கு? காலையில வாட்ச்மேன் நாற்காலியைப் பின்பக்கம் போடுங்க, போதும்." கதவு திறந்தே இருந்தது.

அவருடைய மனுக்களெல்லாம் ஜெயித்துவிடவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் பெஞ்சு கேட்டது தோற்றது. காரணத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இப்போது மனு எழுத நினைப்பவர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். "இதனால யாருக்கு இ... இடைஞ்சல்? அவங்ககிட்ட பேசியாச்சா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மூன்றாம் மாடிப் பெண் ஒருத்தி, மொட்டைமாடியில் துணி காயப்போடும் தகராறுக்காக எதிர்வீட்டின்மேல் புகார் எழுத வந்தாள். கேள்வியைக் கேட்டதும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள். மறுவாரம் இரண்டு வீட்டுத் துணிகளும் ஒரே கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அந்த மனுவை எழுதவே வேண்டியிருக்கவில்லை.