ஊமத்தை என்று நான் எழுதிய பெண்

அன்று நடந்தவை, வரிசைப்படி:

1. காலை ஏழரை மணியளவில், மேல்மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கூடையோடு உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை.
2. அவளுடைய நாத்தனார் அவளைக் கைத்தாங்கலாகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள்.
3. வாசலில் ஆயா வழக்கம்போல அவளைத் துண்டால் துடைத்து, நனைந்த கம்பளியை வாங்கி வைத்துவிட்டு உள்ளே அனுப்பினாள்.
4. நான் சோதித்தேன். நாக்கு காய்ந்திருந்தது. கண்மணிகள் விரிந்திருந்தன. நாடி நூற்றுப் பதினெட்டு. நான்கு நாளாக மலம் போகவில்லை. கேட்ட கேள்விக்கு அரை நிமிடம் கழித்தே பதில் வந்தது.
5. பதிவேட்டில் 'ஊமத்தை' என்று எழுதினேன்.
6. ஆஸ்பத்திரிப் பொறுப்பிலிருந்த டிஸ்பென்சர் ஐயா அதைப் பார்த்துவிட்டுப் போலீஸுக்குக் கடிதம் எழுதினார். நண்பகல் தபால் பையில் அது பதுளைக்குப் போனது.

ஐந்தாவது என் தவறு. ஆறாவது அதிலிருந்து வந்தது.

கொழும்பில் தாதிப் பயிற்சி முடித்து, பசறைக்கு மேலுள்ள அந்தத் தோட்டத்துக்கு நான் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நஞ்சுகளின் அறிகுறிகளை வரிசையாக மனப்பாடம் செய்து தேறியவள். ஊமத்தைக்கு உரிய வரிசையில் உலர்ந்த வாய், விரிந்த கண்மணி, விரைந்த நாடி, நின்றுபோன குடல், குழம்பிய பேச்சு என்று முதலில் ஐந்து உண்டு. ஐந்தும் பொருந்தின. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்புறச் சாக்கடைக் கானில் ஊமத்தை இடுப்பளவுக்கு வளர்ந்திருந்ததையும் நான் பார்த்திருந்தேன்.

வளர்ந்த பெண் ஒருத்தி ஊமத்தங்காயைத் தின்றாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாக முயல்வது குற்றம். பதுளையிலிருந்து போலீஸ் வரும், வழக்கு வரும், சிறைக்கும் போக நேரலாம். தோட்டத்து வேலையிலிருந்து பேர் வெட்டப்பட்டால் லயத்து அறையும் போய்விடும். இத்தனையும் தெரிந்துதான் அந்தச் சொல்லை எழுதினேன். சரியாக எழுதுவதாக நினைத்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு மீண்டும் நாடி பார்க்கப் போனேன். மழை விட்டிருந்தது. கணப்புச் சட்டியில் கரி எரிந்து அறை உலர்ந்து கிடந்தது. அவள் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயமில்லை, வலியில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன். உள்ளங்கை நனைந்திருந்தது. ஓடைக் கல்லைப் போலக் குளிர்ந்தும் இருந்தது.

என் முந்தானையால் துடைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன். நூற்றுப் பதினாறு. எண்ணி முடிப்பதற்குள் கை மறுபடி ஈரமாகிவிட்டது. மீண்டும் துடைத்தேன். கண்ணெதிரே, ரேகைகளின் மேல் சின்னச் சின்னத் துளிகள் எழுந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. அவள் தன் கையைப் பார்க்கவேயில்லை.

ஊமத்தை தின்றவர்களின் தோல் காய்ந்து, சுட்டு, சிவந்திருக்கும். அதுதான் என் வரிசையில் ஆறாவது. ஆனால் மலையிலிருந்து வருகிற பெண்கள் எல்லோருமே மூடுபனியில் நனைந்து வருவார்கள். வாசலிலேயே ஆயா துடைத்துவிடுவாள். எட்டு மாதமாக நான் தொட்ட தோலெல்லாம் துடைத்த தோல்தான். ஈரத்தைக் கண்டாலும் மழை என்றே எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தேன்.

"என்ன தின்ன? உள்ளதச் சொல்லு," என்றேன்.

"ஒண்ணும் திங்கல மிஸ்ஸி," என்றாள். "திங்கச் சொல்லித்தான் இவ உசிர வாங்குறா."

கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்த நாத்தனார் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"மிஸ்ஸி, இது எங்க மதினி இல்லீங்க. அவ போயி அஞ்சு மாசமாச்சு. காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல நின்னா கங்காணியவே சிரிக்க வச்சிருவா. இப்ப உள்ள வேற என்னமோ குந்தியிருக்கு. பூசாரிய வச்சு உடுக்கடிச்சாத்தான் எறங்கும்."

"குந்தியிருந்தா அது சோறு கேக்குமேடி," என்றாள் படுத்திருந்தவள். சிரிக்காமல் சொன்னாள்.

ஏதாவது நடந்ததா, யாராவது இறந்தார்களா, அடித்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். பிறகு, கேட்காமலே சொன்னாள்: "நெஞ்சு ஓடிக்கிட்டே இருக்கு மிஸ்ஸி. யாரோ தொரத்துற மாதிரி. நான் சும்மாதான் கெடக்கேன். நான் இல்லாமலே அது ஓடுது."

மூன்று மணிக்கு அவள் தூங்கிப்போனாள். தூங்குகிறவர்களின் நாடி இறங்கும். அவளுடையது நூற்றுப் பத்தில் நின்றது. மூன்று தடவை எண்ணினேன். ஸ்டெதஸ்கோப் குழலை வயிற்றில் வைத்துக் கேட்டேன். இரைப்பையும் குடலும் எழுப்புகிற வழக்கமான சத்தம் இல்லை. வெகுநேரம் வைத்திருந்தபின் எங்கோ ஒரு சொட்டு விழுவதுபோல ஒன்று கேட்டது. கையை எடுத்தபோது என் விரல்களும் நனைந்திருந்தன. அது அவளுடைய ஈரமா என்னுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. நாத்தனாருக்குத் தோன்றியது எனக்கும் ஒரு கணம் தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பயிற்சியில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. இதயம், குடல், வியர்வை, கண்மணி இவற்றை ஆளும் நரம்புகள் நம்மைக் கேட்டு இயங்குவதில்லை. புலியைக் கண்டால் இதயத்தை விரட்டும், குடலை நிறுத்தும், எச்சிலை வற்றச் செய்யும், கையை வியர்க்கவைக்கும், கண்மணியை விரிக்கும். புலி போனதும் எல்லாம் தணியும். மெலங்கோலியா என்னும் மனச்சோர்வு வேறொரு பாடத்தில், வேறொரு புத்தகத்தில் வந்தது. அழுவார்கள், தூங்கமாட்டார்கள், உண்ணமாட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு பாடங்களையும் ஒரே உடம்பில் நான் பார்த்தது அன்றுதான். புலி இல்லை. ஆனால் நரம்புகள் ஐந்து மாதமாகத் தணியவில்லை.

டிஸ்பென்சர் ஐயாவிடம் போய், நான் எழுதியது பிழை என்றேன்.

"கடுதாசி போயிருச்சே மிஸ்ஸி. இப்ப மாத்தி எழுதினா, தொரை என்னத்தான் கேப்பாரு. கை வேர்க்குதுன்னு எழுதவா? எனக்கும்தான் வேர்க்குது."

"நிரூபிச்சா எழுதுவீங்களா?"

"எப்பிடி?"

"பூனை வேணும்."

ஊமத்தையின் நஞ்சு சிறுநீரில் இறங்கும். அந்த நீரில் ஒரு துளியைப் பூனையின் ஒரு கண்ணில் விட்டால் அந்தக் கண்மணி மட்டும் விரிந்து நிற்கும். மறுநாள் காலை, மருந்தறையில் எலிக்காக வளர்த்த சாம்பல் பூனையை ஆயா துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் சிறுநீரில் ஒரு துளியை அதன் வலது கண்ணில் விட்டேன். வெயில் விழும் படியில் பூனையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இரண்டு கண்மணிகளும் ஒரேபோல மெல்லிய கோடாக ஒடுங்கியிருந்தன.

டிஸ்பென்சர் ஐயா குனிந்து பூனையின் கண்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணையும் வெயிலுக்குக் கூட்டிவரச் சொன்னார். அவளுடைய கண்மணிகளும் ஒடுங்கின. நஞ்சு தின்ற கண் வெயிலுக்கு ஒடுங்காது. முதல் நாள் மங்கலான அறையில், விளக்கைக் காட்டிப் பார்க்காமல் விட்டதும் என் பிழைதான்.

"பூனையச் சாட்சிக்குக் கூப்பிட்ட மொத ஆஸ்பத்திரி இதுதான்," என்று சொல்லிக்கொண்டே அவர் இரண்டாவது கடிதத்தை எழுதினார். நானும் கீழே கையெழுத்திட்டேன்.

அது போய்ச் சேருமுன்பே போலீஸ்காரர் கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் வந்து, கட்டிலருகே நின்று, அவளை உரக்கக் கேட்டார்: "என்ன தின்னே?"

"ரெண்டு வாய் ரொட்டிங்க. அதுவும் இவ திணிச்சது."

நாத்தனார் முன்னால் வந்து நின்றுகொண்டாள். "ஆமாங்க, நான்தான் திணிச்சேன். என்னையும் புடிச்சிட்டுப் போங்க." மூன்று நாளாகப் பேய் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அவர் என் பக்கம் திரும்பினார். ஊமத்தை என்று எழுதியது நான்தான், அது பிழை, நஞ்சு இல்லை என்றேன். இரண்டாவது கடிதத்தின் நகலையும் கொடுத்தேன். அதை இரண்டு தடவை படித்தார். பூனையைக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டுப் போனார்.

வழக்குப் பதிவாகவில்லை. இரண்டு கடிதங்களும் பதுளையில் இருக்கின்றன. அவளுடைய பேர் வெட்டப்படவில்லை. தேயிலை ஆலையான ஸ்டோரில் இலை பொறுக்கும் இலேசு வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். நாத்தனார் ஒருமுறை உடுக்கடிக்க வைத்தாள், பயனில்லை. நான் நரம்பைத் தணிக்கும் புரோமைடு கொடுக்கிறேன், அதிலும் பெரிய பயனில்லை. இப்போது ஒரு வேளை சாப்பிடுகிறாள். வாரம் இருமுறை வந்து கையை நீட்டுகிறாள், நான் நாடியை எண்ணி எழுதுகிறேன். நேற்று நூற்று நான்கு.