அத்தான் கேட்ட அர்த்தம்

பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவாக இருந்தால் என்ன, ஊர் வைத்த பெயர் உதாரணம் சார். அக்கா வீட்டு மாடி அறையில் மாலை நேரத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவர். வருகிறவர்கள் பகலெல்லாம் கடையிலும் பட்டறையிலும் கால்கடுக்க நின்றுவிட்டு வருகிற கூட்டம். இலக்கணம் என்றால் கொட்டாவி விடும். உதாரணம் என்றால் நிமிர்ந்து உட்காரும். தினம் ஒரு உதாரணத்துக்கு எங்கே போவது? வீட்டு மனுஷர்களையே பலகையில் ஏற்றினார். அக்காவின் கஞ்சத்தனம் ஏறியது, மூத்த தங்கையின் வாய் ஏறியது. கூட்டம் சிரிக்கச் சிரிக்க அவருக்குத் தலை கால் புரியவில்லை.

அப்படி ஒருநாள் வந்த வார்த்தைதான் அவுட்வர்ட்லி.

"வெளிப்பார்வைக்கு, மேலுக்குன்னு அர்த்தம். ஒருத்தர் அவுட்வர்ட்லி சந்தோஷமா இருக்கார்னு சொன்னா, உள்ளே வேற என்னமோ ஓடுதுன்னு நாம சொல்லாமலே கேக்கறவனுக்குத் தெரிஞ்சிடும். உள்ளும் புறமும் ஒண்ணா இருக்கிறவனுக்கு இந்த வார்த்தையைப் போடக் கூடாது" என்றார். நன்றாகத்தான் சொன்னார். அதோடு வாயை மூடியிருக்கலாம். விதி யாரை விட்டது!

"எங்க அத்தானையே எடுத்துக்குங்க. அவுட்வர்ட்லி புலி! தூரத்துல கட்டிக் குடுத்த மக போன் பேசி வெச்சதும் என்ன பண்ணுவார் தெரியுமா? பாத்ரூமுக்குள்ள போயி, குழாயைத் திறந்து விட்டுட்டு, குலுங்கிக் குலுங்கி அழுவாரு!"

அறையே அதிர்ந்தது. கடைசி பெஞ்சில் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காவல் வேலை பார்ப்பவர்கள். அத்தான் அதே வாசலில் அவர்களுக்கு மூத்தவர். "நாலு வார்த்தை கத்துக்குங்கடா" என்று அவர்களை அனுப்பி வைத்தவரும் அவரே. அவர்கள் படியிறங்கிப் போன பிறகுதான் உதாரணம் சாருக்கு அது உறைத்தது.

நாலைந்து நாள் போயிருக்கும். இரவுச் சாப்பாட்டில் அத்தான் கேட்டார்.

"மாப்ள, நம்ம பசங்க என்னைப் பார்த்தா ஒரு வார்த்தை சொல்லிட்டு அவங்களுக்குள்ள சிரிச்சுக்கறானுங்க. அவுட்வர்ட்லியோ என்னமோ. அப்படின்னா என்ன?"

உதாரணம் சாரின் கையிலிருந்த கவளம் கையிலேயே நின்றது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இருப்பது அத்தான் வீடு, பாடம் நடத்துவது அவர் மாடி, வாடகை என்று அவர் இதுவரை வாயைத் திறந்ததில்லை.

"அது... பாராட்டுதான் அத்தான். பார்க்கவே கம்பீரமா இருக்கிறவரை அப்படிச் சொல்வாங்க."

"அட, படவாப் பசங்களா!" அத்தானுக்கு முகமெல்லாம் பல். "முகத்துக்கு நேரா சொன்னா என்னவாம்?"

உதாரணம் சார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். என்ன ஜென்மம் நான் என்று தன்னையே காறித் துப்பத் தோன்றியது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளினார். மறுநாளும் அதையே நினைத்தார்.

இதற்குள் ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பதினெட்டு வருஷமாக வாசலில் நின்ற அத்தானுக்கு அதுதான் கனவு. நேர்காணலுக்குப் போய் வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் கொண்டு வந்தாள்.

"உங்களைப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லுங்கன்னாங்க மாப்ள. ஐ ஆம் அவுட்வர்ட்லி ஸ்ட்ராங் மேன்னு எடுத்து விட்டேன். மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாங்க. பெரிய மேனேஜர், 'அப்ப உள்ளே?'ன்னு கேட்டார். 'உள்ளே யாரும் இல்ல சார், எல்லாம் செக் பண்ணிட்டுத்தான் கேட்டைப் பூட்டினேன்'னேன். அதுக்கு மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாங்க. வேலைய வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டாங்க."

உதாரணம் சாருக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"நான் சொன்னது தப்பா மாப்ள?"

"இல்ல அத்தான். சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றார்.

அத்தான் மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? போன்ல சொன்னதுக்கு, தம்பி வார்த்தையைத் தப்பாச் சொல்லிக் குடுத்திருப்பான்னியே. ஊருக்கெல்லாம் ஒழுங்காச் சொல்லிக் குடுக்கிறவன், எனக்குப் போய் தப்பாச் சொல்லிக் குடுப்பானாடி?"

அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.