கல்வாரி கூரையான வருஷம்

பிலாத்துவின் அரண்மனையை நான் துணி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். கெத்சமனித் தோட்டத்தையும் எருசலேம் தெருவையும் கல்வாரி மலையையும்கூட. நான்கும் மேடையின் பின்னால் கட்டுகிற பிளெக்ஸ் படுதாக்கள். யேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகத்தை எங்கள் ஊர்க் கலையரங்கத்தில் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்திய குருத்து ஞாயிறு இரவு போடுவோம். அதற்காக ஊரே வரி போட்டு, இராமநாதபுரத்தில் கொடுத்து அடித்து வாங்கிய படுதாக்கள் அவை. நாடகச் சாமான்களுக்கு நான்தான் பொறுப்பு. ராஜா உடுப்பு, டோப்பா, ஒட்டுத் தாடி, ஈட்டி, எது காணாமல் போனாலும் என்னிடம்தான் வருவார்கள். எடுத்தவனை நான் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். அதனால் ஊரில் எனக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது.

இராமேசுவரம் தீவில் எவ்வளவு பெய்தாலும் மணல் குடித்துவிடும் என்றுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அந்தக் கார்த்திகையில் பெய்ததை மணல் குடிக்கவில்லை. கடலும் ஏறி நின்றதால் ஓடைத் தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே திரும்பியது. பள்ளத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் கலையரங்க மேடையில் ஏறிக்கொண்டார்கள். பிள்ளைகள், ஆடுகள், கேஸ் சிலிண்டர், டிவி, எல்லாம் அந்த மேடையில்தான் கிடந்தன. மேடைக்குப் பின்னால் தாழ்வாக இருந்த சாமான் அறை மட்டும் முங்கிப் போய், மறுநாள் இடிந்தது. மேடையின் பின்சுவரையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. நல்லவேளை, வெளிப்பக்கமாகச் சரிந்ததால் யாருக்கும் அடி இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு ட்ரங்குப் பெட்டிகளைத் திறந்தேன். வெல்வெட் உடுப்புகள் ஒன்றின் சாயம் ஒன்றில் ஏறி, எல்லாம் ஒரே சேற்று நிறம். டோப்பாக்கள் நாறின. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், திட்டிக்கொண்டே அழுதேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது. தேறியது நான்கு பிளெக்ஸ்கள்தான்.

அவற்றைக் கழுவிக் காயப்போட்டிருந்தபோதுதான் பள்ளத் தெருவின் கூரைகள் நினைவுக்கு வந்தன. காற்றில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் உடைந்து பல வீடுகளுக்கு வானம்தான் கூரை. கடைகளில் தார்ப்பாய் தீர்ந்துவிட்டது. அரசாங்கத்திலிருந்து கணக்கெடுத்துப் போனவர்கள் உதவி வரும் வரும் என்றார்கள். யாரிடமும் கேட்காமல் நான் படுதாக்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஒரு வீட்டுக்கு அரண்மனை, ஒரு வீட்டுக்குத் தோட்டம், ஒரு வீட்டுக்குத் தெரு. இருப்பதிலேயே பெரிய கல்வாரி, தலைப்பிள்ளை பெற்றிருந்த ஒரு சின்னப் பெண்ணின் வீட்டுக்குப் போனது.

"ஏங்க்கா, அவளுக்கு அரண்மனை, இவளுக்குத் தோட்டம். எனக்குன்னு பாத்து கல்வாரியக் குடுத்திருக்கீகளே" என்றாள் அவள், பச்சைப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு.

"உன் வீட்டு ஓட்டைக்கு அரண்மனை பத்தாதுடி" என்றேன். சிரித்தாள். வீட்டுக்குள் சேறு இன்னும் காயவில்லை. அதிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இதற்கெல்லாம் முன்னால், அந்த வருஷ ஈஸ்டர் முடிந்த கையோடு, எங்கள் வீட்டில் ஒன்று நடந்திருந்தது. என் கொழுந்தன் போன வள்ளம் எஞ்சின் நின்று கடலில் திசை தெரியாமல் அலைந்தது. தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். என் மாமியார் கரையில் மண்டியிட்டு நேர்ந்துகொண்டார், பிள்ளை உயிரோடு கரை சேர்ந்தால் அவனை நாடகத்தில் யேசுவாக நிற்க வைப்பதாக. சேர்ந்தான். அன்றிலிருந்து முடியும் தாடியும் வளர்த்தான். கூடக் கடலுக்குப் போகிறவர்கள் "ஆண்டவரே, கொஞ்சம் அந்த வலையப் புடிங்க" என்று அவனை ஓட்டியெடுத்தார்கள். தவக்காலம் முழுக்க மீன் தொடக்கூடாது. வலை இழுக்கிறவன் ரசமும் துவையலும் தின்றுகொண்டு கிடந்தான்.

இந்த நேர்ச்சைக்கு எங்கள் ஊரில் கறாரான கட்டு உண்டு. நாடகம் நடுவில் நிற்கக்கூடாது. சிலுவையில் ஏறிய பிறகு நாடகத்து வசனம் தவிர வேறு ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக்கூடாது. வந்தால் நேர்ச்சை சேராது, மறுவருஷம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முன்பு ஒருமுறை கரண்ட் போய் நாடகம் நின்றதற்கே, பாவம், அந்த மனுஷர் இன்னொரு வருஷம் முடி வளர்த்தார். என் கொழுந்தனுக்கு மறுவருஷம் கிடையாது. வளைகுடாவில் மீன்பிடிக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது, ஈஸ்டர் முடிந்த வாரமே பயணம். எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. நேர்ந்ததைச் செலுத்தாமல் பிள்ளையை மறுபடி கடலுக்கு அனுப்புவதா என்று மாமியார் புலம்பிக்கொண்டே இருந்தார்.

தவக்காலம் தொடங்கியதும் அண்ணாவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நாடகத்தைச் சொல்லிக்கொடுத்து ஆட்டுவிப்பவரை நாங்கள் அண்ணாவி என்போம். கண்டிப்பானவர்.

"உடுப்பு தச்சுக்கலாம். படுதா வேணும்மா. பின்செவரும் இல்ல, படுதாவும் இல்லன்னா அது நாடகமா, பஞ்சாயத்துக் கூட்டமா?" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "பச்சப்புள்ளக்காரி தலைக்கு மேல இருக்கறதப் புடுங்கிட்டு வந்து, மேடையில அன்பப் பத்திப் பாடுவீகளோ?"

கொழுந்தன் வாசலில் உட்கார்ந்திருந்தான். "வேணாம் மதினி, சண்ட போடாதீக. நேர்ச்சை கடனாவே கெடக்கட்டும். நான் வந்து செலுத்திக்கிறேன்" என்றான். மாமியார் அன்று சோறு தின்னவில்லை.

சேதி பள்ளத் தெருவுக்கு எப்படிப் போனதோ. மறுநாள் அந்தப் பிள்ளைக்காரி இன்னும் நாலைந்து பெண்களோடு வந்து நின்றாள்.

"அக்கா, எதுக்கு ராத்திரி போடணும்? பகல்ல போடுங்க. காலையில நாங்களே அவுத்துத் தாரோம். பொழுது சாயறதுக்குள்ள குடுத்துருங்க, போதும்."

இரவு நாடகத்தைப் பகலில் போடுவதா என்று அண்ணாவி முதலில் குதித்தார். வெளிச்சத்தில் எல்லாப் பொய்யும் தெரிந்துவிடும் என்றார். அது உண்மைதான். ஆனால் வேறு வழி இல்லை. கடைசியில் அவரே ஒரு ஏற்பாடு சொன்னார். எந்தப் படுதாவின் காட்சி முடிகிறதோ அதை அப்போதே அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது. கடைசிவரை மேடையில் இருக்கப் போவது கல்வாரி ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஊர் உழைத்ததைச் சும்மா சொல்லக்கூடாது. வீடு இன்னும் சரியாகாதவர்கள்தான் முதலில் வந்தார்கள். ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடியை வெட்டிச் சில்வர் பெயிண்ட் அடித்துப் போர்வீரர்களின் கேடயம் செய்தார்கள். நைலான் கயிற்றைப் பிரித்துக் கறுப்பேற்றித் தாடி ஒட்டினார்கள். பெரியபட்டினத்து ஜவுளிக்கடை பாய் ஒருவர், மழையில் நனைந்து சாயம் ஓடிய துணியைக் கட்டோடு கொடுத்தனுப்பினார். "ராசா உடுப்புல சாயம் ஓடிருக்கான்னு யாரு வந்து பாக்கப் போறா" என்று சொல்லியனுப்பினாராம். பெண்கள் அதைத் தைத்தோம். என் கண்ணுக்குப் பழைய வெல்வெட்டைவிட அதுவே நன்றாக இருந்தது.

குருத்து ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் படுதாக்கள் தலைச்சுமையாக வந்து சேர்ந்தன. கிழிசலும் ஓட்டையும் இருக்கும், எங்கே எப்படி ஒட்டுப் போடுவது என்ற யோசனையோடு விரித்துப் பார்த்தேன். ஒரு ஆணி ஓட்டை இல்லை. அத்தனை காற்றிலும் ஆணியே அடிக்காமல், வலைக் கயிற்றால் சுற்றிக் கட்டி, பறக்காமல் இருக்க ஓரமெல்லாம் மணல் நிரப்பிய பாட்டில்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். படத்தை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், வெயிலில் வெளுத்துவிடக் கூடாது என்று. சட்டி பானை போய், பாய் தலையணை போய் நின்ற ஜனங்கள் நாடகத்துப் படுதாவை இப்படிப் பத்திரமாகப் பார்த்திருக்கிறார்கள். ஒட்டுப் போட எடுத்து வைத்திருந்த ஊசியைத் திரும்பப் பெட்டியில் போட்டேன்.

மத்தியானம் நாடகம் தொடங்கியது. சனம் குடையும் துண்டுமாக மணலில் உட்கார்ந்திருந்தது. அண்ணாவி சொன்னபடியே எல்லாப் பொய்யும் தெரிந்தது. ஏரோது ராஜாவின் மீசை வேர்வையில் கழன்று உதட்டில் தொங்கியது, போர்வீரன் ஒருவன் ரப்பர் செருப்போடு வந்துவிட்டான். ஆனால் சிரித்தவர்கள்கூட எழுந்து போகவில்லை. தோட்டம் முடிந்ததும் தோட்டம் வீட்டுக்குப் போனது. விசாரணை முடிந்ததும் அரண்மனை போனது. எருசலேம் தெரு வழியாக என் கொழுந்தன் சிலுவை சுமந்து, விழுந்து எழுந்து போனபோது, எங்கள் வீட்டில் ரசத்தைக் குறை சொல்கிற அதே பயல்தானா இவன் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தப் படுதாவும் போனது.

கல்வாரியைக் கட்டி அவனைச் சிலுவையில் ஏற்றினார்கள். கடைசிப் பாட்டு பாதி போயிருக்கும். தெற்கே கறுத்தது. இந்த மாதத்தில் மழையா என்று நினைப்பதற்குள் முதல் தூறல் என் கையில் விழுந்தது.

பிள்ளைக்காரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில்தான் இருந்தாள். மேடையைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தாள். ஆனால் எழவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கும் நேர்ச்சையின் கட்டு தெரியும். பாட்டுக்காரர்களைச் சீக்கிரம் பாடச் சொல்லி அண்ணாவி கையை ஆட்டினார். எப்படி ஓட்டினாலும் அது நீளமான பாட்டு. அவிழ்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை.

அவ்வளவு உயரத்திலிருந்து என் கொழுந்தனுக்குப் பள்ளத் தெரு தெரிந்திருக்கிறது. கூரையில்லாத அந்த வீடும், உள்ளே கட்டியிருந்த வெறும் தொட்டிலும் தெரிந்திருக்கின்றன.

"மதினி, படுதாவ அவுங்க. வீடு நனையுது."

மைக் அவன் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது. பாட்டு நின்றது. அண்ணாவி தலையில் கை வைத்துக்கொண்டார். போச்சு, ஒரு வருஷத் தவமும் போச்சு என்று நினைத்தேன்.

முதலில் எழுந்தது என் மாமியார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையில் ஏறினார். மகனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேரே பின்னால் போய் முடிச்சை அவிழ்த்தார். அதன் பிறகுதான் எனக்குக் கால் நகர்ந்தது. ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும், இடுப்பில் பிள்ளையோடு நடுவில் பிள்ளைக்காரியுமாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஓடும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். படுதா போன இடத்தில் கடல் கறுப்பாகக் கிடந்தது. அதற்கு முன்னால் அவன் சிலுவையில் நின்றான். சனம் ஒருவர்கூட எழவில்லை, குடைகளை மடக்கிவிட்டு நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. விட்ட இடத்திலிருந்து பாட்டு திரும்பத் தொடங்கியது. கூரையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவனுடைய கடைசி வசனம் ஸ்பீக்கரில் கேட்டது. மாமியார் கையிலிருந்த கயிற்றை விடாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அண்ணாவி மேடை ஓரத்தில் நின்றார். கோபம் இல்லை, மனுஷர் வருத்தமாகத்தான் இருந்தார்.

"என்னம்மா இப்படி ஆயிருச்சு? வெளி வார்த்த பேசிட்டான். கட்டுப்படி பாத்தா நேர்ச்ச சேராதே" என்றார்.

மாமியார் நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார். "நேந்தது நானு. கேட்டுக்கிட்டது ஆண்டவரு. நடுவுல நீங்க யாருண்ணே?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரோடு மல்லுக்கு நின்றவள் நான். அன்று பெட்டியிலிருந்து என்னுடைய நல்ல சேலையை எடுத்து அவருக்கு உடுத்தக் கொடுத்தேன். ஈஸ்டர் முடிந்ததும் கொழுந்தன் முடியும் தாடியும் எடுத்துவிட்டுப் பயணம் போனான். வழியனுப்ப அண்ணாவியும் வந்திருந்தார். திரும்ப வந்து இன்னொரு வருஷம் நிற்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, ஊரில் வேறு ஒருவரும் சொல்லவில்லை.