பாலைப்பழத்துக்கு எண்ணெய்

அறுபதுகளின் தொடக்கத்தில் நெடுங்கேணிக்கு அப்பால் ஒரு குளத்தடியில் எனக்கு உத்தியோகம். களஞ்சியத்திலிருந்த மண்வெட்டிகளையும் சீமெந்தையும் பார்த்துக்கொள்வது வேலை. அவை எங்கும் ஓடிப்போகும் எண்ணத்தில் இருக்கவில்லை. குளக்கட்டோரப் பங்களாவுக்கு யாராவது வந்தால் கவனிப்பதும் என் பொறுப்பு. வருவது அருமை. வந்தாலும் குளத்துத் தாராக்களைச் சுட்டுப் பொரித்துத் தின்றுவிட்டு விடியப் போய்விடுவார்கள்.

இயற்கை எழில் முதல் கிழமை நன்றாகத்தான் இருந்தது. பிறகு மருதமரங்களோடு கதைக்கத் தொடங்கினேன். கொண்டுபோன பெட்டிப் புத்தகம் முழுவதையும் வாசித்துவிட்டேன். அவற்றைப் பற்றிய அபிப்பிராயங்கள் கேட்பாரின்றித் தலைக்குள் கிடந்து புளித்தன. பங்களாச் சமையல்காரர் முல்லைத்தீவுக் கரை வேதக்காரர், என்னிலும் மூத்தவர். மீனைப் பற்றி மட்டும் கதைப்பார், அதுவும் அளவாக.

ஆனி மாதம் ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு கனவான், ஒரு கிழமை தங்கிப் பறவை பார்க்க வந்தார். காரை விட்டு இறங்கும்போதே அவர் கக்கத்தில் தடித்த புத்தகம் ஒன்று. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பின்னாளில் பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படி அடிக்கவில்லை.

"அண்ணை, இவர் வாசிக்கிற மனுசன். பின்னேரம் குளத்தடியிலை இருந்து நல்லாக் கதைக்கலாம்" என்றேன் சமையல்காரரிடம்.

"அவர் குருவி பாக்க வந்தவரோ தம்பி, உம்மட கதை கேக்க வந்தவரோ?"

மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, விரால் குழம்பு, தாமரைக்கிழங்குக் கறி, எருமைத் தயிரும் காட்டுத் தேனும். கனவான் விரல் சூப்பினார். "கொழும்பாலை சனம் இதுக்கெண்டே வரும். றோட்டிலை ஒரு பலகை எழுதிப் போடுங்கோ" என்றார்.

அது பாலைப்பழக் காலம். சமையல்காரர் கடகம் நிறையப் பழமும், பக்கத்தில் ஒரு சிரட்டையில் தேங்காயெண்ணெயும் வைத்தார். அந்தப் பழத்தின் பால் உதட்டில் பிசினாக ஒட்டும் என்பதால் எங்கள் பக்கத்தில் எண்ணெய் பூசிக்கொண்டுதான் தின்பார்கள். கொழும்புக் கனவானுக்கு முன்னால் எண்ணெய்ச் சிரட்டையா? நாகரிகம் கருதி அதை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். மரியாதைக்கு இரண்டைத் தின்பார் என்றுதான் எண்ணினேன். மனுசன் அரைக் கடகத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எழும்பினார்.

பின்னேரம் குளக்கட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாசிக்கிறவர் யாராவது வந்தால் கேட்கவென்று நாட்கணக்காக ஒத்திகை பார்த்த முதற் கேள்வியைக் கேட்டேன். "ஐயா, இப்பத்தை நாவல்களைப் பற்றி உங்கட அபிப்பிராயம் என்ன?"

"ம்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். உதடுகள் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. மீசை கீழுதட்டோடு சம்பந்தம் செய்திருந்தது. பிரிக்கப் போன விரலும் அங்கேயே தங்கிவிட்டது.

"பயப்பிடாதேங்கோ, பங்களாவிலை எண்ணெய் இருக்கு" என்றேன். உடனே எழும்பத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு வசனம் பாக்கி இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. நீர்க்காகங்கள் பட்டமரத்தில் செட்டை விரித்துக் காய்ந்தன, சூரியன் காட்டுக்குள் இறங்கியது என்றெல்லாம் எழுதலாம். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. நாவலில் தொடங்கி நாடகம், அரசியல், கடவுள் என்று போய்க்கொண்டிருந்தேன். அவர் எதையும் மறுக்கவில்லை. வாழ்க்கையில் என்னோடு அவ்வளவு உடன்பட்டவர் வேறு யாருமில்லை.

இருட்டிய பின் பங்களாவுக்குத் திரும்பினோம். சமையல்காரர் விளக்கைத் தூக்கிக் கனவானின் முகத்தைப் பார்த்தார். "ஐயோ தம்பி, கதைச்சுக் கதைச்சு மனுசனை ஊமையாக்கிப் போட்டீரோ?"

நான் சிரட்டையை எடுத்துக் கொடுத்தேன். கனவான் எண்ணெயை உதட்டில் பூசித் தேய்த்துத் தேய்த்து வாயை மீட்டார். அந்த வாயிலிருந்து வரப்போகும் முதற் சொல்லுக்காகக் கதிரை நுனியில் இருந்தேன்.

"அருமையான இடம். சாப்பாட்டை விடுங்கோ, இந்த அமைதிக்கெண்டே சனம் வரும்." கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு நான் குளத்தடிக்குத் தனியப் போறன். குறை நினையாதேங்கோ."

மிச்ச நாட்களில் குளக்கட்டின் மறுகோடித் தொங்கலில் அவரது வெள்ளைச் சேட் தெரிந்தது. களஞ்சிய வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது காருக்குள்ளிருந்து கை காட்டினார். அந்தப் புத்தகத்தின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

சமையல்காரர் மாதா கோயில் பெருநாளுக்கு ஊருக்குப் புறப்பட்டு நின்றார். பஸ்ஸுக்கு ஓடமுன் ஒரு கடகம் பழத்தையும் சிரட்டையையும் எனக்கு முன்னால் வைத்தார். "திங்கட்கிழமை வாறன். எண்ணெயைப் பூசிக்கொண்டு தின்னும், தம்பி."

பழத்தைத் தின்றேன். எண்ணெயைத் தொடவில்லை. திங்கட்கிழமை வரை என் வாய்க்கு வேறு வேலை இருக்கவில்லை.