காருக்குக் கை எது?

தீர்த்தகிரி தன் காரை ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை. 'இவ' என்பார். "இவளுக்கு இன்னைக்கு மூக்கடைப்பு" என்றால் காற்று வடிகட்டியில் தூசி என்று பொருள். "இவ ராத்திரி தூங்கல" என்றால் பேட்டரி இறங்கிவிட்டது. ஜமுனாமரத்தூரில் அவரை அறிந்தவர்கள் இதற்கெல்லாம் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

சாமை விதைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் புளி ஏற்றும் லாரியில் கிளீனராக ஏறினார். அந்த வேலையில் முதல் ஐந்து வருடம் லாரியின் பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று கத்தியதுதான் அவருடைய ஓட்டுநர் படிப்பு. பிறகு தானே ஓட்ட வந்தபோதும் அந்தச் சொல் வாயை விட்டுப் போகவில்லை. முன்னால் போகும்போதும் முணுமுணுப்பார். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீரிங்கை முழுசாகத் திருப்பிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே வானத்தைப் பார்த்து, "வரலாம், வரலாம், வரலாம்" என்பார். புதிதாக ஏறியவர்கள் யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

கார் பழைய சிவப்பு மாருதி. அதற்கு ஒரே ஒரு நிரந்தர வேலை. போளூரிலிருந்து காலை பஸ்ஸில் ஜமுனாமரத்தூருக்கு வந்து இறங்கும் மூன்று டீச்சர்களை, அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர் மேலே இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, மாலையில் திரும்ப அழைத்து வர வேண்டும். மற்றபடி கல்யாணம், கருமாதி, மார்கழியில் ஒரு திருவண்ணாமலை. டீச்சர் சவாரி இல்லாவிட்டால் கார் வாசலில் நின்று கோழிக்கு நிழல் கொடுக்க வேண்டியதுதான். அந்தச் சவாரி மீது முனியனுக்கும் ஒரு கண். முனியனிடம் ஜீப் இருந்தது. தீர்த்தகிரியிடம் ரேணுகாதேவி டீச்சரின் நல்லெண்ணம் இருந்தது. அவர்தான் தலைமை ஆசிரியை. ஜீப்பில் ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பதுதான் அந்த நல்லெண்ணத்தின் அஸ்திவாரம்.

அந்த வருடம் காளியம்மன் திருவிழாவுக்குச் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள். மஞ்சள் தோய்த்த கயிற்றில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்து வலது கையில் கட்டிக்கொள்வார்கள். கட்டியவர் அடுத்த புதன்கிழமை வரை அதை அவிழ்க்கக் கூடாது, வெட்டக் கூடாது. ஊர் எல்லைக்கு வெளியே ராத்திரி தங்கவும் கூடாது. மனிதர்களோடு ஏர், எருது, உரல் எல்லாவற்றுக்கும் உண்டு. தீர்த்தகிரியின் மனைவி அம்மாக்கண்ணு ஒரு தட்டில் ஏழெட்டுக் கயிற்றை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, கடைசியில் காரின் முன்னால் நின்றாள்.

"மாமா, இவளுக்குக் கை எது?"

"ஸ்டீரிங்ல கட்டு."

"அது நீ புடிக்கிற எடம். நான் உன் கையப் புடிச்சா அது என் கையா ஆயிடுமா? இவளோட கை எதுன்னு கேக்குறேன்."

வேறு ஒருவராக இருந்தால் 'ஏதோ ஒன்று' என்று சொல்லியிருப்பார். தீர்த்தகிரி அப்படிப்பட்டவர் அல்ல. வாகனத்தைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அவருக்கு நெஞ்சு விரியும். பானெட்டைத் தூக்கி, என்ஜின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன நெம்புகோலைக் காட்டினார். ஆக்சிலேட்டரை மிதித்தால் கேபிள் இழுக்க, அசைந்து, என்ஜினுக்குக் காற்றைத் திறந்துவிடுகிற நெம்புகோல்.

"இதோ. நான் மிதிச்சா இவ இந்தக் கையத் தூக்குவா. எடுத்தா கீழ போட்டுடுவா. வேலை செய்றது இதான்."

அம்மாக்கண்ணு குங்குமம் வைத்து, கயிற்றைக் கட்டி, மூன்று முடிச்சுப் போட்டு, கிழங்கை அழகாகத் தொங்கவிட்டாள். இருவரும் கும்பிட்டார்கள். பானெட் மூடியது.

மறுநாள் புதன்கிழமை காலை ஏழாவது வளைவு. தீர்த்தகிரி முழுசாக மிதித்து ஏறி, "வரலாம்" சொல்லி, காலை எடுத்தார். கார் கேட்கவில்லை. உறுமிக்கொண்டே போயிற்று. காலைத் தூக்கிக் காட்டினார், யாருக்கென்று தெரியவில்லை. கார் தன்பாட்டுக்கு ஓடியது. பின்னால் உட்கார்ந்திருந்த அருணா டீச்சர், "அண்ணா, மெதுவா போங்க" என்றார்.

"நான் போவல டீச்சர். இவதான் போறா."

பள்ளிக்கூட வாசலில் கியரை எடுத்து நிறுத்திய பிறகும் என்ஜின், ரெண்டு ஊருக்கு அப்பாலும் கேட்கும்படி சண்டை போடுகிற மாதிரி கத்தியது. பிரார்த்தனைக்கு நின்ற பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சாவியைத் திருப்பி அணைத்தார். இறங்கி வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் சரியாகிவிட்டது. மாலையில் மறுபடி.

ஜமுனாமரத்தூர் டீக்கடையில் முனியன் காத்திருந்தான்.

"இன்னா மச்சான், வண்டி ஓயாம உறுமுதாமே. சினையா?"

"ஆமாண்டா. பொறந்தா ஜீப்பா பொறக்கும். உனுக்கு ஒண்ணு தர்றேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

தானே பார்த்தார். முதலில் மிதியடிமேல் சந்தேகம். கால் வைக்கும் இடத்தில் விரித்திருந்த ரப்பர் விரிப்பை எடுத்து வீட்டுத் திண்ணையில் போட்டார். பூனை படுத்துக்கொண்டது. காரில் மாற்றமில்லை. பிறகு பெட்ரோல்மேல் சந்தேகம். பிறகு பானெட்டைத் திறந்து, காப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்தார். கேபிளுக்கு எண்ணெய் விட்டார். ரப்பர் குழாய்களில் எங்காவது ஓட்டை விழுந்து காற்றை உறிஞ்சுகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவினார். கார் மணத்தது.

வியாழக்கிழமை, டீச்சர்களை விட்டுவிட்டு நேரே போளூருக்கு இறங்கினார். அங்கே வெற்றிவேல் என்ற மெக்கானிக். நீள ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, கண்ணை மூடி, டாக்டர் மாதிரி கேட்பவர்.

"நின்ன எடத்துல நல்லாத்தான ஓடுது?"

"இங்க நல்லாத்தான் இருப்பா. வூட்டுக்கு வந்தா மாமியாரு கிட்ட பேசுற மாதிரி பேசுவா."

வெற்றிவேல் பானெட்டுக்குள் குனிந்தார். மஞ்சள் கயிற்றைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"காப்பா?"

"செவ்வாக்கெழம கட்னது."

"அத்தத் தொடமாட்டேன்பா. சுத்தி இருக்கிறதப் பாக்குறேன்."

சுற்றி இருப்பதை மூன்று மணி நேரம் பார்த்தார். பிளக் நான்கையும் கழற்றித் தேய்த்தார். ஒரு குழாயை மாற்றினார். சமதளத்தில் ரயில்வே ஸ்டேஷன் வரை ஓட்டிப் பார்த்தார். கார் பட்டுப் புடவை கட்டிய பெண் மாதிரி நடந்துகொண்டது. ஒரு உறுமல் இல்லை.

"ராத்திரி வுட்டுட்டுப் போ. காலைல குளிரா இருக்கும்போது கேக்கணும்."

"எப்படி வுடுறது? காப்பு கட்டிக்கிறா. ராத்திரி எல்லைக்கு வெளிய தங்கக் கூடாதே."

வெற்றிவேல் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. "அப்போ திருவிழா முடிஞ்சி வா" என்றார்.

திருவிழா முடிகிற வரைக்கும் பொறுக்க ரேணுகாதேவி டீச்சர் தயாராக இல்லை. வெள்ளிக்கிழமை மாலை, திரும்பும் வழியில் ஒரு சின்ன மேடு ஏறியதும் கார் தானாகப் பாய்ந்து, எதிரே வந்த பலாப்பழ மினிலாரியின் டிரைவர் கெட்ட வார்த்தை சொல்லும்படி ஆயிற்று. டீச்சர் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"தீர்த்தகிரி, நான் உங்கள ஒரு குறையும் சொல்லல. ஆனா கூட வர்ற ரெண்டு பேருக்கும் நான் பதில் சொல்லணும். திங்கக்கெழம ஒரு நாள் பாக்குறேன். அன்னைக்கும் இப்படி கத்துச்சுன்னா, செவ்வாயிலேர்ந்து முனியன்தான், அவன்கிட்ட சொல்லி வெச்சாச்சு."

"உங்க முழங்காலு மேடம்?"

"உயிரு இருந்தாத்தான முழங்காலு?"

சனிக்கிழமை தீர்த்தகிரிக்குச் சோறு இறங்கவில்லை. கார் வாசலில் அமைதியாக நின்றது. கிளப்பினால் தேன் மாதிரி ஓடியது. அதுதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாக்கண்ணுதான் கேட்டாள்.

"ஏறும்போதுதான கத்துறா? நீ ஏன் சமமா நிக்க வெச்சிப் பாக்குற?"

தீர்த்தகிரி சாவியை எடுத்தார். வீட்டுப் பக்கத்தில் புளியமரத்துக்குப் போகிற செங்குத்தான மேட்டில் காரை மூக்கு மேலே பார்க்க நிறுத்தினார். நாலு சக்கரத்துக்கும் பின்னால் கல். கியர் நியூட்ரல். ஹேண்ட் பிரேக். அம்மாக்கண்ணுவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இடத்தில் உட்கார்ந்த அவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வலது காலாண்ட இருக்கிறத அமுக்கு. சொன்னா வுட்டுடு."

"எவ்ளோ அமுக்கறது?"

"ஏழாவது வளைவு மாதிரி."

அவள் சுவருக்கு மண் மிதிக்கிறவள் மாதிரி ஓங்கி மிதித்தாள். என்ஜின் அலறியது. புளியமரத்துக் காக்கைகள் கூட்டமாகக் கிளம்பின.

"வுடு! வுடு!"

"வுட்டுட்டேன் மாமா!"

"கால எடு!"

"எடுத்துட்டேன்! ரெண்டு காலையும் எடுத்துட்டேன்!"

உண்மைதான். இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். கார் அலறிக்கொண்டேயிருந்தது. தீர்த்தகிரி பானெட்டுக்குள் தலையை விட்டார். பார்த்தார். வாய் திறந்தபடி நின்றார்.

அவள் மிதித்தபோது கை மேலே எழுந்திருக்கிறது. கைக்கும் அது வந்து உட்கார வேண்டிய இடத்துக்கும் நடுவே இடைவெளி. கார் மேடு பார்த்து நின்றதால், கயிற்றில் தொங்கிய மஞ்சள் கிழங்கு பின்னால் சாய்ந்து நேராக அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்துவிட்டது. காலை எடுத்ததும் கை இறங்கி வந்து கிழங்கைக் கடித்துக்கொண்டு நின்றது. முழுசாக மூட முடியாத கதவு மாதிரி. கடவாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்ட மாதிரி. சமதளத்தில் அவ்வளவு மிதிப்பதும் இல்லை, கிழங்கு சாய்வதும் இல்லை.

சாவியை அணைத்தார். மலை முழுக்க அமைதியானது.

"இன்னா மாமா, கண்டுபுடிச்சிட்டியா?"

"கண்டுபுடிச்சிட்டேன்."

"இன்னா?"

"நீதான்."

விஷயம் புரிந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இருவரும் பானெட்டின் இரண்டு பக்கமும் நின்று, அந்தக் கிழங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான்கு நாளாக அவர் அதைத் தினம் தொட்டுக் கண்ணில் ஒற்றியிருக்கிறார். வெற்றிவேல் செருப்பைக் கழற்றியிருக்கிறார். எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் கும்பிட்டார்கள்.

"வெட்டிடலாமா?" என்றார் தீர்த்தகிரி, மிகத் தாழ்ந்த குரலில். கேட்டுவிட்டு காளியம்மன் கோயில் பக்கம் பயந்து பார்த்தார்.

"வாயக் கழுவு. புதன்கெழம வரைக்கும் ஆரும் தொடக் கூடாது."

"நாளைக்குத் திங்கக்கெழம. கத்தினா முனியனுக்குப் போய்டும்."

அம்மாக்கண்ணு தன் வலது கையைப் பார்த்தாள். அதிலும் அதே கயிறு, அதே கிழங்கு. அது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"நான் பாத்திரம் கழுவும்போது இன்னா பண்றேன்? அவுக்கறேனா? மேல தள்ளிக்கிறேன். இவளுக்கும் மேல தள்ளு."

"நீயே தள்ளு. கட்டினவ நீதான்."

அவள் விரலால் கயிற்றை மெல்ல நகர்த்தினாள். முடிச்சு அவிழவில்லை, அறுபடவில்லை. நெம்புகோலின் நுனிவரை வந்து, அங்கிருந்து கேபிளுக்கு ஏறி, ஒரு சாண் தள்ளி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில் நின்றது. "இப்போ முழங்கைல இருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை டீச்சர்கள் மூவரும் ஏறினார்கள். ரேணுகாதேவி டீச்சர் முன் இருக்கையில், கைப்பையை மடியில் கட்டிப்பிடித்தபடி. ஏழாவது வளைவு வந்தது. தீர்த்தகிரி முழுசாக மிதித்தார். ஏறினார். காலை எடுத்தார்.

கார் அடங்கியது. உடனே, ஒரே மூச்சில். அப்படி ஒரு அமைதியை ஐந்து நாளாகக் கேட்காத அருணா டீச்சர், "ஐயோ, என்ஜின் நின்னுபோச்சு!" என்று கத்தினார்.

"நிக்கல டீச்சர். மெதுவா பேசுறா."

பள்ளிக்கூட வாசலில் ரேணுகாதேவி டீச்சர் இறங்கி, முழங்காலை ஒருமுறை நீவி, போனை எடுத்தார்.

"முனியன், நாளைக்கு வர வேணாம்பா... ஆமா, சரியாயிடுச்சி." போனைப் பையில் போட்டுவிட்டுக் கேட்டார், "ஆமா, என்னதான் கோளாறு?"

தீர்த்தகிரி தலையைச் சொறிந்தார். "கையில ஒரு பிடிப்பு மேடம்."

"மஞ்சள் பத்து போட்டீங்களா?"

"போட்டதாலதான் மேடம் வந்துச்சி."

டீச்சர் அவரை விநோதமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வருடம் காப்புக் கட்டும் நாளில் அம்மாக்கண்ணு மறுபடி தட்டோடு வந்து நின்றாள். "மாமா, இவளுக்குக் கை எது?"

தீர்த்தகிரி பானெட் பக்கமே போகவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியைக் காட்டினார்.

"அது காது மாதிரி இல்ல இருக்கு?"

"இந்த வருசம் கை. கட்டு, வரலாம், வரலாம்... ம், போதும்."