வாளியில் ஒரு விருந்தாளி

கணவர் உசேன் இறந்தபின் லோவு ஊரில் உள்ள வீட்டில், கைம்பெண்கள் காக்கும் இத்தா என்னும் துக்க காலத்தில் இருந்தாள் சபூரா. நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகக் கூடாது. அவர் வளர்த்த நான்கு தங்கமீன்களுக்குத் தீனி போடுவதுதான் ஒரே வேலை. அழுகை வரவில்லை. பசியும் இல்லை.

மனசுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தம்பி மஜீத் ஒரு மீன் வாங்கிவந்தான். தனியாக வைக்க வேண்டுமோ என்று அவள் தயங்கினாள்.

"விருந்தாளிய வாசல்ல நிறுத்துவியாக்கா?" என்று தொட்டியில் விட்டுவிட்டான்.

பத்தாம் நாள் மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்த்தன. மேலே வந்து மூச்சு வாங்கின. உசேனின் மீன்களில் ஒன்று செத்தது. போனில் கேட்ட கால்நடை மருத்துவர், புது மீனோடு வந்த தட்டைப்புழு செவுளில் இருக்கும் என்றார். அவர் சொன்ன புழுமருந்தை மஜீத் மார்டின்டார் ஊர்க் கடையில் வாங்கிவந்தான். புழுவின் முட்டைகள் அதற்குச் சாகா என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் போட்டாள். மற்றவை தேறின.

அப்புறம் மஜீத் இன்னொரு மீனோடு வந்தான். சபூரா வாளியை நீட்டினாள்.

"மூணு வாரம் இந்தப் பால்டியில கெடக்கட்டும்."

"பாவம்க்கா, தனியாவா?"

"நான் நாலு மாசம் பத்து நாள் கெடக்கேன்டா. இது மூணு வாரம் கெடக்காதா?"

மஜீத் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் வாளியில் ஒரு சிட்டிகை தீனி போட்டாள்.